தோளில் போட்டுக் காட்டுகிறவள்

ஜூலை 15, செவ்வாய்

காலையில கடையோட பின்வாசலுக்குப் போனேன். வேலை கேட்டேன். உள்ள விட வேணாம்னு உத்தரவுன்னு வாட்ச்மேன் மாசிலாமணி அண்ணன் சொன்னாரு. பதினொரு மணி வரைக்கும் நின்னேன். திரும்பி வந்துட்டேன்.

இவ்வளவுதான் எழுதணுமாம். கடை ஊழியர் சங்கத்துல தமயந்தி அக்கா நேத்து சொல்லிக் குடுத்தது. தினமும் போகணும், வேலை குடுங்கன்னு கேட்கணும், யார் என்ன சொன்னாங்கன்னு அன்னைக்கே எழுதி வைக்கணும். கதை எல்லாம் எழுதாதீங்க செலின், நடந்ததை மட்டும் எழுதுங்கன்னாங்க. எனக்கென்ன கதை இருக்கு எழுத.

ஜூலை 16, புதன்

போனேன். உத்தரவு இல்ல. வந்துட்டேன். குழம்பு வைக்க சோம்பலா இருந்துச்சு, மோர் ஊத்திச் சாப்பிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இன்னைக்கு ஆடி ஒண்ணு. கடை வாசல்ல வாழைமரம் கட்டி மைக் செட் போட்டிருக்கான். தள்ளுபடி தள்ளுபடின்னு பாலக்கரை வரைக்கும் கேட்குது. போன ஆடி வரைக்கும் அந்தக் கூட்டத்துல தண்ணி குடிக்கக்கூட நேரம் இல்லாம நின்னவ நான். இன்னைக்குப் பின்வாசல்ல குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல நிக்கறேன்.

முதல்ல இருந்து நடந்ததை ஒரு தடவை எழுதிடுங்கன்னு தமயந்தி அக்கா சொல்லியிருந்தாங்க. எழுதிடறேன்.

பதினாலு வருஷமா பட்டு கவுண்டர்ல இருக்கேன். பட்டுல வேலைன்னா புடவையை எடுத்து விரிச்சுப் போட்டா முடிஞ்சிடாது. மேஜையில கிடக்கிற புடவையைப் பார்த்தா வர்றவங்களுக்கு ஒண்ணும் விளங்காது. நம்ம தோள்ல போடணும், முந்தானையை முன்னால விடணும், அடியில கையை விரிச்சுத் தாங்கணும். அப்பதான் ஜரிகை பேசும். நான் நல்ல கருப்பு. கருப்புக்கு எடுக்காதுன்னு எல்லாரும் ஒதுக்கற அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் என் தோள்ல போட்டே வித்திருக்கேன். பொண்ணு வீட்டுக்காரங்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் ஒருத்தரையொருத்தர் முறைச்சுக்கிட்டு நிக்கறப்பகூட என் கவுண்டர்ல சண்டை தீர்ந்து பில்லு போட்டுட்டுப் போவாங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால விரல் நுனியில வெள்ளையா வந்துச்சு. அப்புறம் ரெண்டு கையிலயும் பரவிடுச்சு, உதட்டு ஓரத்துல கொஞ்சம். பெரியாஸ்பத்திரி தோல் டாக்டரம்மா, இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. நானும் அத்தோட மறந்துட்டேன். கண்ணாடி பார்க்கிறப்ப ஞாபகம் வரும், அவ்வளவுதான்.

ஜூன் கடைசியில துறையூர்ப் பக்கத்துல இருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்துச்சு. நான் கத்திரிப்பூ கலர் ஒண்ணைத் தோள்ல போட்டுக் காட்டினேன். பொண்ணுக்குப் பிடிச்சிடுச்சு. பொண்ணோட அத்தைக்காரி என் கையைப் பார்த்தா. "இந்த அம்மா மேல பட்டது வேணாம், வேற பீஸ் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. இருந்தாலும் சிரிச்சுட்டே வேற பீஸ் எடுத்துக் குடுத்தேன்.

சாயங்காலம் ஃப்ளோர் மேனேஜர் கோதண்டராமன் சார் கூப்பிட்டாரு. செலின்மா, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்க, வைத்தியம் பாருங்க, ஆடிக்கு முன்னாடி நானே போன் பண்றேன்னாரு. குரல்ல அவ்வளவு தேன். ரொம்ப நன்றி சார்னு சொல்லிட்டு வந்தேன். நினைச்சா என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு.

இன்னொரு கூத்தும் பண்ணினேன். யூனிஃபார்ம் புடவை மூணையும் துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி மறுநாளே ஆபீஸ்ல கொண்டு போய் ஒப்படைச்சேன். யாரும் கேட்கல. ஆடிக்குன்னு புதுசா எடுக்கிற பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் யூனிஃபார்ம் பத்தாது. ரெண்டு வாரம் என் கொடியில சும்மா தொங்கறதுக்கு யாராவது கட்டட்டுமேன்னு நினைச்சேன். கொஞ்சம் ரோஷமும் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எங்க கடையில யூனிஃபார்மை ஒப்படைச்சா வேலையை விட்டாச்சுன்னு அர்த்தம். கல்யாணம் ஆகிப் போற பிள்ளைங்க அப்படித்தான் குடுத்துட்டுப் போகும். அது எனக்குத் தெரியாதா? நமக்கு அது பொருந்தாதுன்னு நினைச்சுட்டேன்.

ரெண்டு வாரம் ஆச்சு, போன் வரல. நானே பண்ணினேன். "நீங்களாத்தானே யூனிஃபார்மை ஒப்படைச்சிட்டுப் போனீங்க, நாங்க யாரையும் அனுப்பலையே"ன்னாரு கோதண்டராமன் சார். அதே தேன்.

இதைக் கேட்டு தமயந்தி அக்கா தலையில கை வெச்சுட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்தவங்களைத் தக்க காரணம் இல்லாம, ஒரு மாச நோட்டீஸ் இல்லாம அனுப்ப முடியாது, அந்தச் சட்டம் ஜவுளிக்கடைக்கும் உண்டு. தொழிலாளர் துறையில அப்பீல் போடலாம், அதுக்கும் கெடு இருக்கு, இந்த வாரமே போட்டுடுவோம். அவங்க நீங்களா விட்டுட்டுப் போனதா சொல்லுவாங்க. விட்டுட்டுப் போனவ தினமும் வந்து வாசல்ல நிப்பாளா, அதனால போய் நில்லுங்கன்னாங்க.

நிக்கறது எனக்குப் புதுசா. பதினாலு வருஷம் நின்ன கால்தானே. கடைப் பொண்ணுங்க உட்கார ஸ்டூல் போடணும்னு சட்டம் வந்தப்ப கவுண்டருக்குக் கவுண்டர் ஸ்டூல் வந்துச்சு. உட்கார்ந்தா மேனேஜர் கண்ணு ஸ்டூல் மேலயே இருக்கும். அதனால ஸ்டூல் மேல புடவை டப்பா அடுக்கினோம்.

ஜூலை 19, சனி

போனேன். வந்தேன். கூட வேலை பார்க்கிற நூருக்குப் போன் பண்ணினேன், எடுக்கல. ஆடி நேரத்துல யாரு போனைப் பார்ப்பா.

ஜூலை 24, வியாழன்

புதுசா வந்த பிள்ளைங்க என்னைத் தாண்டிப் போறப்ப சுவத்தை ஒட்டிப் போகுதுங்க. மூணு மாசத்துக்கு முன்னால நான்தான் அதுங்களுக்கு மடிப்பு மடிக்கச் சொல்லிக் குடுத்தேன். அதுங்களைச் சொல்லிக் குத்தமில்ல. என்கூடப் பேசறதைப் பார்த்தா சீட்டு கிழியும்.

நூருவைத்தான் கண்ணுலயே காணோம். நூருன்னா நூர்ஜஹான், பக்கத்து ஃபேன்சி புடவை கவுண்டர். எப்பவும் கடைசி நிமிஷத்துல மூச்சு வாங்க ஓடி வருவா, அவளுக்கும் சேர்த்து நான் திட்டு வாங்குவேன். இப்ப எல்லாருக்கும் முன்னால வந்து உள்ள போயிடறாளாம், மாசிலாமணி அண்ணன் சொன்னாரு. ஆடிக்கூட்டம், வேலை அதிகம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே காவிரிக்குப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு, அதனால சர்ச்சுல பூசை முடிஞ்சு நேரா பின்வாசலுக்குப் போனேன். கூட்டம் தாங்காம பின்வாசல் வழியாவே ஜனங்களை உள்ள விட்டாங்க. ஒரு அம்மா என்னைப் பார்த்து, பட்டு எந்த மாடிம்மான்னு கேட்டுச்சு. ரெண்டாவது மாடி, ஏறினதும் இடது பக்கம்னு சொன்னேன். மாசிலாமணி அண்ணன் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ஆகஸ்ட் 9, சனி

தெருவுல நாலு வீட்டுக்காரங்க புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் குடுத்திருக்காங்க. அரிசி வாங்கிடலாம். அஞ்சாவது வீட்டு அம்மா மெஷின்ல அடிக்கிறீங்களா, கையில தைக்கிறீங்களான்னு கேட்டுச்சு. ஓரத்தைக் கையிலதான் தைக்கணும்னேன். அப்ப வேணாம்னு சொல்லிட்டுப் புடவையை வாங்கிட்டுப் போயிடுச்சு. எல்லாத்தையும் நம்மகூட முடிச்சுப் போடக் கூடாது. அவசரமா தேவைப்பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். கோயில்ல நல்ல கூட்டம். பூசையில ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்துச் சமாதானம் சொல்றப்ப பக்கத்துல இருந்த பொம்பளை எனக்குக் கை குடுக்காம கும்பிடு போட்டுச்சு. நிறையப் பேர் இப்பக் கும்பிடுதான் போடறாங்க.

ஆகஸ்ட் 27, புதன்

போனேன். வந்தேன்.

இன்னைக்கு மத்தியானம் தனியா சாப்பிட்டுட்டு இருக்கிறப்ப தோணுச்சு, மனுஷங்களோட பேசி எத்தனை நாளாச்சுன்னு. மாசிலாமணி அண்ணன், வீட்டுக்காரம்மா, காய்கறி வண்டிக்காரன். கடையில இருந்தா ஒரு நாளைக்கு நூறு பேரோட பேசுவேன். அம்மா, அக்கா, தங்கம், கண்ணுன்னு வாய் ஓயாது. மத்தியானம் நூரு.

நானும் நூருவும் எத்தனையோ வருஷமா ரெண்டு டப்பாவையும் நடுவுல வெச்சுத்தான் சாப்பிடுவோம். அவ வீட்டுக் கத்திரிக்காய் கொத்சு எனக்கு உயிர். என் கருவாட்டுக் குழம்புன்னா அவ டப்பாவையே வழிச்சுடுவா. போன வருஷம் அவளுக்குச் சர்க்கரை வந்துடுச்சு. அப்புறம் ரெண்டு சப்பாத்தியை சுத்தி எடுத்துட்டு வந்து தனியா தின்னுடுவா. பாவம், வாயைக் கட்டணும்னா சும்மாவா. அவ பார்த்து ஏங்கக் கூடாதுன்னு நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தொழிலாளர் துறை ஆபீஸ்ல முதல் விசாரணை. கடை சார்பா கோட்டு போட்ட வக்கீல், கூட கோதண்டராமன் சார். எனக்குத் தமயந்தி அக்கா. ஆபீசர் நடுவயசுக்காரர், அதிகம் பேசல, எழுதிட்டே இருந்தாரு.

வக்கீல் ரெண்டு விஷயம் சொன்னாரு. இவங்களா யூனிஃபார்மை ஒப்படைச்சு வேலையை விட்டாங்க. அப்புறம், இவங்களுக்குக் குஷ்டம் இருக்கிறதால மத்த ஊழியர்கள் பயப்படறாங்க. எனக்குப் பொறுக்கல. எழுந்து, "குஷ்டம்னு சொல்லாதீங்க சார், இது வெண்புள்ளி, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க"ன்னேன். ஆபீசர் அவரைப் பார்த்து, சரியான வார்த்தையைச் சொல்லுங்கன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு ஒரு கும்பிடு போடணும்.

ஒண்ணு விசித்திரமா இருந்துச்சு. நானா விட்டுட்டுப் போனேன்னா, மத்தவங்க பயப்படறாங்கன்னு ஏன் சொல்லணும்? தமயந்தி அக்காகிட்ட கேட்டேன். இதைத்தான் நானும் கேட்கப் போறேன்னு சிரிச்சாங்க.

அடுத்த தடவை கவுண்டர்ல இருந்து ஒருத்தங்க சாட்சிக்கு வருவாங்கன்னு வக்கீல் சொன்னாரு. பேரும் சொன்னாரு. ஃபேன் சத்தத்துல எனக்குச் சரியா காதுல விழல. தமயந்தி அக்கா என் முகத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. என்னக்கான்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாங்க.

செப்டம்பர் 12, வெள்ளி

போனேன். வந்தேன். நூரு போன் சுவிட்ச் ஆஃப்.

அக்டோபர் 8, புதன்

இன்னைக்குக் கோதண்டராமன் சாரே பின்வாசலுக்கு இறங்கி வந்தாரு. கையில காபி டம்ளர் வேற, எனக்காம். முதலாளி பெரிய மனசு பண்ணியிருக்காராம். அரியமங்கலம் குடோன்ல மடிப்பு செக்‌ஷன்ல வேலை, அதே சம்பளம், தீபாவளிக்கு முன்னாடியே சேரலாம். கேஸை மட்டும் வாபஸ் வாங்கிடணும். "அங்க உங்களை யாரும் பார்க்க மாட்டாங்க செலின்மா, நிம்மதியா இருக்கலாம்"னாரு.

யோசிச்சுச் சொல்றேன்னேன். காபியைக் குடிச்சேன். நல்ல காபி, வீணாக்க மனசு வரல.

அக்டோபர் 9, வியாழன்

ராத்திரி தூக்கம் இல்ல. வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது. அதே சம்பளம்னா அதே சம்பளம்தான், அதுல பொய் இல்ல. தமயந்தி அக்கா, இது உங்க முடிவு செலின், எடுத்துக்கிட்டாலும் நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்னு சொன்னாங்க. இப்படிச் சொல்லாம திட்டியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

குடோன் எனக்குத் தெரியும். கறை பட்டது, இழை விட்டது, ஜரிகை கருத்தது எல்லாம் அங்கதான் போகும். ஜன்னல் கிடையாது. எங்களை மாதிரி வாயாடிகளை அங்க போட்டா ஒரு வாரத்துல பைத்தியம் பிடிச்சிடும். அதைவிட, யாரும் பார்க்க மாட்டாங்கன்னு சொன்னாரே, அதுதான் ஆறல. நான் என்ன திருடினேனா, கொலை பண்ணினேனா, ஒளிஞ்சுக்க?

அக்டோபர் 10, வெள்ளி

பின்வாசல்ல போய், எனக்குப் பட்டு கவுண்டர்தான் வேணும்னு சொல்லி அனுப்பிட்டேன். மாசிலாமணி அண்ணன் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்தாரு. வந்து, "நீ ஒரு மாதிரி ஆளுதான் தங்கச்சி"ன்னாரு. பாராட்டா, திட்டான்னு தெரியல.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை லீவு. எங்கயும் போய் நிக்க வேணாம். அதுதான் இன்னைக்கு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. வருஷா வருஷம் ஏதாவது பெருநாள்னா நூரு வீட்டு பிரியாணி, கிறிஸ்மஸ்னா என் வீட்டுக் கேக், தீபாவளிக்கு ரெண்டு பேரும் அல்வா வாங்கித் தின்போம். கால் கிலோ வாங்கினேன். பாதி இன்னும் இருக்கு.

நவம்பர் 20, வியாழன்

எழுதிடணும். எழுதாம படுக்க முடியாது.

இன்னைக்கு அடுத்த விசாரணை. முதல்ல கோதண்டராமன் சாரை விசாரிச்சாங்க. தமயந்தி அக்கா கேட்டாங்க, நோட்டீஸ் குடுத்தீங்களா? இல்ல. ஏதாவது விசாரணை வெச்சீங்களா? இல்ல. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னது யாரு? கொஞ்சம் இழுத்துட்டு, நான்தான்னாரு. ரெஸ்ட்ல இருக்கிறவங்க யூனிஃபார்மைத் துவைச்சுக் குடுத்தா அது ராஜினாமான்னு எந்த உத்தரவுல இருக்கு? அவர் வக்கீலைப் பார்த்தாரு. வக்கீல் ஃபைலைப் பார்த்தாரு. வேலையை விட்டுட்டுப் போனவங்களுக்கு எதுக்கு சார் குடோன்ல வேலை குடுக்கறேன்னு நேர்ல போய்ச் சொன்னீங்க?

அடுத்தது சாட்சி. நூரு வந்தா.

எனக்குத் தெரியும். செப்டம்பர்லயே தெரியும். ஃபேன் அவ்வளவு சத்தம் ஒண்ணும் போடல.

இளைச்சுப் போயிருந்தா. என்னைப் பார்க்கவே இல்ல. செலின் அக்கா வேலையை விட்டுட்டுப் போறதா என்கிட்ட சொன்னாங்கன்னு மனப்பாடம் பண்ணினதை ஒப்பிச்சா. மத்த பிள்ளைங்களும் நானும் அவங்க வியாதிக்குப் பயந்தோம்னு சொன்னா. ஆபீசர் எழுதிக்கிட்டாரு. கேள்வி ஏதாவது கேட்கணுமான்னாரு. தமயந்தி அக்கா பேப்பரை எடுக்கறதுக்குள்ள நான் கேட்கிறேன் சார்னு எழுந்துட்டேன். கேளுங்கன்னாரு.

"நூரு, இத்தனை வருஷம் என் டப்பாவுல கை போட்டுச் சாப்பிட்டிருக்க. உன் கையில எங்கயாவது ஒரு புள்ளி வந்திருக்கா? சார்கிட்ட காட்டு."

ரெண்டு கையையும் நீட்டினா. சுத்தமான கை. மருதாணி வெச்சு அழிஞ்ச அடையாளம் மட்டும் நகத்துல இருந்துச்சு. நான் ஆபீசரைப் பார்த்தேன், பாருங்க சார்ங்கிற மாதிரி. எனக்குள்ள ஒரு கெத்து வந்துடுச்சு. அப்பதான் அவ வாயைத் திறந்தா.

"ஒரு வருஷமா நான் உங்க டப்பாவுல சாப்பிடலக்கா. எனக்குச் சர்க்கரை எல்லாம் இல்ல. பயமா இருந்துச்சு. உங்க மனசு நோகும்னு அப்படிச் சொன்னேன்."

ஆபீசர் எழுதறதை நிறுத்திட்டாரு. வேற கேள்வி இருக்கான்னு கேட்டாரு. இல்ல சார்னு உட்கார்ந்துட்டேன்.

வெளிய வந்ததும் தமயந்தி அக்கா என் தோளைப் பிடிச்சு, மேனேஜர் ஒத்துக்கிட்டதே போதும், நமக்கு சாதகமாத்தான் வரும்னாங்க. சரிக்கான்னேன். பஸ்ல வர்றப்ப கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. ஒரு வருஷம் நான் தள்ளி உட்கார்ந்தேன், அவ பார்த்து ஏங்கக் கூடாதுன்னு. அந்த அத்தைக்காரி பரவாயில்ல, மூஞ்சிக்கு நேராச் சொன்னா.

நவம்பர் 21, வெள்ளி

போகல. உடம்பு சரியில்ல.

நவம்பர் 22, சனி

போனேன். நூரு வர்ற நேரத்துக்கு முன்னாலயே போய் நின்னேன். ஆட்டோ திரும்பற இடத்துல என்னைப் பார்த்துட்டு அப்படியே நின்னா. நான் அவளைப் பார்த்துட்டே இருந்தேன். அவ குனிஞ்சுட்டே உள்ள போயிட்டா. திட்டணும்னுதான் போனேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

திண்டுக்கல்ல இருந்து தங்கச்சி போன் பண்ணினா. இந்தக் கிறிஸ்மஸுக்கு வராதக்கா, வீட்டுக்கு வெள்ளை அடிச்சுட்டு இருக்கோம், படுக்க இடம் இல்லன்னா. அவ மூத்த மகளைப் பொண்ணு பார்க்க அந்த வாரம் வர்றாங்கன்னும் சொன்னா. இருபத்திமூணாம் தேதி யார் வெள்ளை அடிச்சுட்டு இருப்பா. அடிப்பாங்களா இருக்கும், ஆள் கிடைச்சிருக்காது.

நானும் வேலை இருக்குடி, வர முடியாதுன்னு சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி.

ஜனவரி 21, புதன்

ஆர்டர் வந்துடுச்சு. தமயந்தி அக்கா சங்க ஆபீஸ்ல உட்கார வெச்சு வரி வரியா படிச்சுக் காட்டினாங்க. யூனிஃபார்மை ஒப்படைச்சது ராஜினாமா ஆகாது. என்னை அனுப்பினதுக்குத் தக்க காரணம் கிடையாது. ஒட்டாத ஒரு தோல் மாற்றத்தை வெச்சு ஒருத்தரை வேலையில இருந்து விலக்கக் கூடாது. திரும்பவும் அதே வேலை, அதே பட்டு கவுண்டர், வேலை இல்லாம நின்ன மாசங்களுக்கும் சம்பளம்.

அதே பட்டு கவுண்டர்ங்கிற வரியை இன்னொரு தடவை படிங்கக்கான்னேன். படிச்சாங்க. அவங்க கையைப் பிடிச்சுட்டு அழுதேன். வெட்கமே இல்லாம அழுதேன். அக்கா வேற கேஸுக்கு ஓடணும், முதுகைத் தட்டிக் குடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்து யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. தண்ணி மோட்டார் போட வந்த வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். அப்படியா, சந்தோஷம், வாடகை எப்ப வரும்னு கேட்டுச்சு. போனை எடுத்தேன். பழக்கத்துல விரல் நூரு பேருக்குப் போயிடுச்சு. வெச்சுட்டேன்.

ஜனவரி 28, புதன்

இன்னைக்குச் சேர்ந்தேன். மாசிலாமணி அண்ணன் எழுந்து நின்னு கதவைத் திறந்தாரு. ரெண்டாவது மாடி, ஏறினதும் இடது பக்கம்.

தை முகூர்த்த நேரம், நல்ல கூட்டம் வரும். ஆனா கவுண்டருக்குக் கவுண்டர் ஒரு பொம்மை நிக்குது. வெள்ளை வெளேர்னு, மூக்கு நீளமா, ஏதோ வெள்ளைக்காரி மாதிரி. பத்து மணிக்குக் கோதண்டராமன் சார் எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொன்னாரு. இனிமே யாரும் புடவையைத் தோள்ல போட்டுக் காட்டக் கூடாது. எல்லாம் பொம்மையிலதான். சுத்தம் முக்கியம். மீறினா மெமோ. எல்லாருக்கும் ஒரே ரூல், யாருக்கும் பாரபட்சம் இல்ல. கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னாரு.

பிள்ளைங்க எல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச்சுங்க. சுகன்யான்னு ஒருத்தி, எனக்குக் கேட்கிற மாதிரியே, ஒருத்தருக்காக எல்லாருக்கும் கமிஷன் போச்சுன்னா. அவ சொன்னதுல தப்பில்ல. பொம்மைக்குப் போட்டுக் காட்டினா யாரு வாங்குவா. ஒரு புடவையை மாட்டிக் கழட்டறதுக்குள்ள வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

பட்டு கவுண்டர் குடுத்துட்டாங்க. வேலையை எடுத்துட்டாங்க.

ஜனவரி 30, வெள்ளி

தமயந்தி அக்காகிட்ட சொன்னேன். எல்லாருக்கும் பொதுவா போட்ட ரூல், உடனே ஒண்ணும் பண்ண முடியாது செலின், யோசிக்கிறேன்னாங்க. மெமோ வாங்கிடாதீங்க, அதைத்தான் எதிர்பார்க்கிறாங்கன்னும் சொன்னாங்க.

மத்தியானம் சாப்பாட்டு ரூம்ல நான் போய் உட்கார்ந்த பெஞ்சு காலி ஆயிடுச்சு. நூரு ஜன்னல் பக்கம் தனியா உட்கார்ந்து சாப்பிட்டா. அவகூடவும் யாரும் உட்காரல. சாட்சி சொல்லியும் கடை தோத்துடுச்சுன்னு மேனேஜருக்கு அவ மேலயும் கடுப்பாம். இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. நல்லா வேணும்னு நினைச்சேன். நினைச்சுட்டுச் சாப்பாடு இறங்கல.

பிப்ரவரி 6, வெள்ளி

சாயங்காலம் ஒரு அம்மாவும் பொண்ணும் வந்தாங்க. அடுத்த வாரம் கல்யாணம். பொண்ணு என் கலர். அரக்குல மயில்கழுத்து பார்டர் போட்டது ஒண்ணை ஆசையா எடுத்துப் பார்த்துச்சு. நான் பொம்மையில சுத்தினேன். அந்த வெள்ளை மூஞ்சியில அரக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் வினை. அம்மாக்காரி பார்த்துட்டு, இது சிவப்பா இருக்கிறவங்களுக்குத்தான் எடுக்கும், உனக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க. பொண்ணு முகம் சுருங்கிப் போச்சு. புடவையைத் திருப்பி வெச்சுட்டு எழுந்திரிக்கப் போச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு.

"அக்கா, நீங்க என் கலர்தானே. உங்க மேல ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

கோதண்டராமன் சார் மாடிப்படி கிட்ட நின்னாரு. எனக்குத் தெரியும் அவர் பார்க்கிறார்னு. தமயந்தி அக்கா சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. மெமோ, திரும்ப விசாரணை, திரும்பப் பின்வாசல், எல்லாம் ஞாபகம் இருந்துச்சு.

பொம்மை மேல இருந்து உருவி என் தோள்ல போட்டேன். முந்தானையை முன்னால விட்டேன். அடியில கையை விரிச்சேன். பொண்ணு என் கையைப் பார்த்துச்சு. நான் கையை எடுக்கல. ஒரு நிமிஷம் பார்த்துட்டு, இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா, பார்டர் தெரியலன்னுச்சு. தூக்கினேன். அம்மாக்காரி, அட நல்லாத்தான்டி இருக்குன்னாங்க.

"செலின்!" கோதண்டராமன் சார் குரல். தேன் எல்லாம் போயிடுச்சு. ஃப்ளோர் முழுக்கத் திரும்பிடுச்சு. அவர் கவுண்டர்களைத் தாண்டி வேகமா வர்றாரு. நான் புடவையை இறக்கல.

பக்கத்து கவுண்டர்ல நூரு ஒரு கிழவிக்குப் பொம்மையில ஏதோ பச்சையைச் சுத்திட்டு இருந்தா. சுத்தறதை நிறுத்தினா. அந்தப் பச்சையை உருவித் தன் தோள்ல போட்டா. முந்தானையைத் தட்டி விட்டு, "இப்பப் பாருங்கம்மா"ன்னு சத்தமாச் சொன்னா. கோதண்டராமன் சார் என் கவுண்டருக்கும் அவ கவுண்டருக்கும் நடுவுல நின்னுட்டாரு. யாருகிட்ட முதல்ல போறதுன்னு தெரியல அவருக்கு. எதிர்ப்பக்கம் சுகன்யா மெதுவா தன் பொம்மையைப் பார்த்தா.

ரெண்டு பேருக்கும் மெமோ குடுத்தாச்சு. தமயந்தி அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். "ரெண்டு பேரா?"ன்னு கேட்டாங்க. ஆமாக்கான்னேன். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கன்னாங்க.

நூரு என்னைப் பார்க்கல. நானும் அவளைப் பார்க்கல. கடை விட்டதும் அவ ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனா, நான் பஸ்ஸுக்குப் போனேன். நாளைக்குச் சங்க ஆபீஸுக்குக் காலையில வரணும்னு யாராவது அவகிட்ட சொல்லணும். வீட்டுக்கு வந்ததுல இருந்து போனைக் கையில வெச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்.